டிவி கேட்கிறது, பெட்டி கேட்கவில்லை: யுனிவர்சல் ரிமோட்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

அழகர் ஆற்றில் இறங்குவதைக் கூட்டத்தில் நின்று பார்க்கிற வயதை என் அப்பத்தா கடந்து பல வருடங்கள் ஆகின்றன. அதனால் அவருக்குச் சித்திரைத் திருவிழா என்பது டிவியில் வரும் நேரலைதான். ஒரு சித்ரா பௌர்ணமி விடியற்காலையில், அலங்காநல்லூர் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து போன் செய்தார். "ஏப்பா, படம் வருது, சத்தத்தக் காணோம். மூணு ரிமோட்டையும் அமுக்கிப் பாத்துட்டேன்" என்றார். டிவிக்கு ஒன்று, அரசு கேபிள் பெட்டிக்கு ஒன்று, சவுண்ட் பாருக்கு ஒன்று என்று மூன்று ரிமோட்டுகள் அவர் மடியில் இருந்தன. எந்தக் கருவியும் பழுதாகியிருக்கவில்லை. சவுண்ட் பார் மட்டும் அணைந்திருந்தது. அதைப் போனிலேயே விளக்கிச் சரிசெய்து முடிப்பதற்குள் தங்கக் குதிரை ஆற்றுக்குள் இறங்கிவிட்டது.

அந்த வாரமே, எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்டாக வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, அடுத்தடுத்து இரண்டு யுனிவர்சல் ரிமோட்டுகளை வாங்கினேன். இரண்டுமே எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை. ரிமோட்டில் குறை இருந்ததைவிட, என் கருவிகள் எந்த வழியாகக் கட்டளையைக் கேட்கின்றன என்று தெரியாமல் நான் கடைக்குப் போனதே பெரிய குறை என்பது பின்னால்தான் புரிந்தது. கீழே உள்ளவை அப்போதிலிருந்து உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் நான் கண்ட அறிகுறிகள். உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறியைத் தேடிப் படித்தால் போதும். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

வீட்டு ரிமோட்டுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் பேசுகின்றன. முதல் வழி அகச்சிவப்பு ஒளி. ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு, கண்ணுக்குத் தெரியாத, ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை, நொடிக்குச் சுமார் 38,000 தடவை அணைத்து ஏற்றும் துடிப்பாக அனுப்புகிறது. டிவியின் கீழ் விளிம்பில் இருக்கும் கறுப்புக் கண் அதைப் படித்துக்கொள்கிறது. இந்த ஒளி சுவரைத் தாண்டாது, பீரோக் கதவைத் தாண்டாது, கருவியை நோக்கிப் பிடித்தால்தான் வேலை செய்யும். இரண்டாவது வழி ரேடியோ அலை, அதாவது புளூடூத் அல்லது சிறிய யுஎஸ்பி ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து அழுத்தினாலும் கருவி கேட்கிறது என்றால் அது இந்த இரண்டாவது வகை. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுனிவர்சல் ரிமோட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஒளியை மட்டுமே அறிந்தவை. அலையை மட்டும் கேட்கும் கருவியிடம் அவை எவ்வளவு பேசினாலும் பயன் இல்லை.

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்கவில்லை

முதலில் ரிமோட் ஒளி விடுகிறதா என்று பாருங்கள். கைப்பேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், திரையில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி துடிப்பது தெரியும். பல கைப்பேசிகளில் பின்பக்கக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடுகிறது. ஆகவே செல்ஃபி கேமராவிலும் பாருங்கள். கேமராவை நம்பலாமா என்ற ஐயம் இருந்தால், நன்றாக வேலை செய்கிற வேறொரு ரிமோட்டை வைத்து முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

புள்ளி தெரியவில்லை என்றால் ரிமோட்டின் செல்லைக் கவனியுங்கள். செல் புதிதாக இருந்தும் புள்ளி வராவிட்டால், செல் உட்காரும் கம்பிச்சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண செல் கசிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆல்கலைன் செல் கசிந்திருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கசிவு கையில் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும்.

செல்லும் கம்பியும் நன்றாக இருந்தும் புள்ளி இல்லை, ரிமோட் ஒருமுறை கட்டிலிலிருந்து கீழே விழுந்தது என்றால், துடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் ரெசனேட்டர் என்ற உள்ளுறுப்பு உடைந்திருக்கலாம். பழைய ரிமோட்டுகளில் இது பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் பீங்கான் துண்டு. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைக்கும் 37.9 கிலோஹெர்ட்ஸைத்தான் நாம் 38 என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாலிடர் பழக்கம் உள்ள மெக்கானிக் இதை மாற்றித் தருவார். இல்லாவிட்டால் அந்த மாடலுக்கு உரிய மாற்று ரிமோட்டை வாங்குவதே எளிது.

புள்ளி துடிக்கிறது, ஆனால் கருவி கேட்கவில்லை என்றால் கருவியின் கண் மறைந்திருக்கிறதா, ரிமோட்டில் தவறான கோடு (code, அதாவது எந்தக் கருவியிடம் பேசுவது என்று ரிமோட்டுக்குச் சொல்லும் எண்) பதிந்திருக்கிறதா, அல்லது அந்தக் கருவி ஒளியையே கேட்காததா என்ற மூன்று கேள்விகள்தான் மிச்சம்.

டிவி கேட்கிறது, ஸ்டிக் மட்டும் கேட்கவில்லை

என் முதல் தவறு இதுதான். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி இணையத்தில் படம் பார்க்க உதவும் ஃபயர் டிவி ஸ்டிக்கில் அகச்சிவப்புக் கண் கிடையாது. அதன் ரிமோட் ஸ்டிக்குடன் புளூடூத்தில்தான் பேசுகிறது. அதே ரிமோட்டில் டிவியை அணைக்கவும் சத்தத்தைக் கூட்டவும் இருக்கும் பொத்தான்கள் மட்டும் ஒளியை விடுகின்றன. ஒரே ரிமோட்டுக்குள் இரண்டு வழியும் இருப்பதால்தான் வாங்குகிறவர் ஏமாந்துபோகிறார்: கடையில் டிவியை இயக்கிக் காட்டிய யுனிவர்சல் ரிமோட், வீட்டுக்கு வந்ததும் ஸ்டிக்கின் முன் ஊமையாகிவிடுகிறது.

ஸ்டிக்கின் சொந்த ரிமோட்டே கேட்கவில்லை என்றால், புதுச் செல் போட்டு, ஹோம் பொத்தானைப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்து மறுபடி இணைத்துப் பாருங்கள். ரிமோட் தொலைந்தே போய்விட்டால், ஸ்டிக் இருக்கும் அதே வைஃபையில் கைப்பேசியை வைத்து, ஃபயர் டிவி செயலியை ரிமோட்டாகப் பயன்படுத்தலாம்.

புது ரிமோட் வாங்காமலேயே இதைத் தீர்க்க இன்னொரு வழி இருக்கிறது. எச்டிஎம்ஐ கம்பி வழியாகக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் வசதியின் பெயர் சிஇசி. சாம்சங் டிவியில் அது எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்றும், சோனியில் பிராவியா சிங்க் என்றும் செட்டிங்ஸில் ஒளிந்திருக்கும். அதை ஆன் செய்துவிட்டால், டிவியின் சாதாரண ரிமோட்டிலுள்ள அம்புப் பொத்தான்களும் ஓகே பொத்தானும் டிவி வழியாக ஸ்டிக்கை இயக்கும். பலர் வீட்டில் இது அணைந்தே கிடக்கிறது. யுனிவர்சல் ரிமோட் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், முதலில் இதை ஆன் செய்து ஒரு வாரம் பார்க்கச் சொல்கிறேன்.

பவரும் சத்தமும் வேலை செய்கின்றன. குரலும் சுட்டியும் வரவில்லை

ஸ்மார்ட் டிவியோடு வந்த அசல் ரிமோட்டில் மைக்கும், திரையில் நகரும் சுட்டியும் புளூடூத்தில் இயங்கியவை. ஒளி வகை மாற்று ரிமோட் அவற்றைத் தராது. இது பழுது அன்று. குரல் தேவையில்லை என்றால் அந்த ரிமோட்டே போதும். குரல்தான் முக்கியம் என்றால் அந்த டிவிக்கு உரிய புளூடூத் ரிமோட்டை வாங்கி, டிவியோடு ஒருமுறை இணைக்க வேண்டும்.

பவர் மட்டும் வேலை செய்கிறது, மற்றவை தவறாக வேலை செய்கின்றன

யுனிவர்சல் ரிமோட்டில் கோடு தேடும்போது டிவி அணைந்த உடனேயே நிறுத்திவிட்டதால் வருகிற சிக்கல் இது. ஒரே நிறுவனம் பல வருடங்களில் பல கோடு வரிசைகளைப் பயன்படுத்தியிருக்கும். அவற்றில் சிலவற்றுக்குப் பவர் கட்டளை மட்டும் பொதுவாக அமைந்திருக்கலாம். தேடலைத் தொடருங்கள். சத்தம், மெனு, சோர்ஸ் ஆகிய மூன்றும் சரியாக வரும் கோடு கிடைத்த பிறகே சேமியுங்கள். சேமித்த எண்ணை ஒரு சிறு தாளில் எழுதி, செல் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். சில ரிமோட்டுகள் செல்லைக் கழற்றியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அப்படிப்பட்ட ரிமோட்டில் புதுச் செல்லைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைக் கழற்ற வேண்டும்.

கிட்டே போனால் கேட்கிறது, தள்ளி உட்கார்ந்தால் கேட்கவில்லை

செல் பலவீனம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பாதி நேரம் அதுவே காரணமும்கூட. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் செல்கள் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தருகின்றன என்பதால், சில ரிமோட்டுகள் அவற்றில் சோர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம் நம் ஊர் வெயில். என் சித்தப்பா வீட்டு முன்னறை மேற்கே பார்த்தது. மாலை நான்கு மணிக்குமேல் ஜன்னல் வழியாக வெயில் நேரே டிவியின் கீழ் விளிம்பில் விழும். அந்த நேரத்தில் மட்டும் ரிமோட் கேட்காது, ஆறரை மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருப்பதால், கருவியின் கண் அந்த வெள்ளத்தில் ரிமோட்டின் சின்னத் துடிப்பைப் பிரித்தறிய முடியாமல் தவிக்கிறது. மூன்று மாதம் அவர் செல்லாக மாற்றிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை போட்டதும் தீர்ந்தது. டிவிக்குப் பக்கத்தில் எரியும் பழைய சிஎஃப்எல் விளக்கும் இதே தொல்லையைத் தரும். அதை அணைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது காரணம் அதிர்வெண் பொருந்தாமை. எல்லாக் கருவிகளும் 38 கிலோஹெர்ட்ஸில் கேட்பதில்லை. சோனியின் முறை 40 கிலோஹெர்ட்ஸ். பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்ஸ். அசல் ரிமோட்டின் ஒளியைப் பார்த்துக் கட்டளையைப் பதிந்துகொள்பவை கற்கும் ரிமோட்டுகள்; அவற்றில் மலிவானவை சில எல்லாவற்றையும் 38-லேயே அனுப்பிவிடுகின்றன. கருவியின் கண் தனக்குரிய அதிர்வெண்ணைச் சுற்றியே கூர்மையாகக் கேட்பதால், கட்டளை சரியாக இருந்தும் எட்டும் தூரம் குறைந்துவிடுகிறது. இதற்கு ரிமோட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

11 அழுத்தினால் 1 மட்டும் விழுகிறது

மிகவும் குழப்புகிற அறிகுறி இது, ஏனென்றால் 12 சரியாக வரும், 23 சரியாக வரும், ஒரே எண் இரண்டு முறை வரும் 11-ம் 22-ம் மட்டும் வராது. ஆர்சி-5 முறையில் ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் ஒரு சிறு குறி இருக்கிறது. பொத்தானை விட்டு மறுபடி அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அது மாறும். அழுத்திப் பிடித்திருப்பதையும் இரண்டு முறை தட்டியதையும் கருவி அதைக்கொண்டே பிரித்தறிகிறது. கற்கும் ரிமோட், அசல் ரிமோட்டின் ஒரே ஒரு அழுத்தத்தை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்வதால், அதிலிருந்து வரும் குறி மாறுவதே இல்லை. இரண்டாவது 1-ஐக் கருவி முதல் 1-இன் நீட்சி என்று எடுத்துக்கொள்கிறது. கற்பிக்கும் முறையை விட்டுவிட்டு, அந்தக் கருவிக்கான கோடு ஏற்கெனவே பதிந்து வரும் ரிமோட்டைப் பயன்படுத்தினால் இது தீரும். அதுவரை இரண்டு அழுத்தங்களுக்கு நடுவில் சற்றுக் கூடுதலாக இடைவெளி விட்டுப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக, ஒருமுறை தட்டினால் இரண்டு சேனல் தாவுகிறது என்றால், கற்பிக்கும்போது அசல் ரிமோட்டை நெடுநேரம் அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் பொத்தானை மட்டும் அழித்துவிட்டு, இந்த முறை சட்டென்று தட்டி விட்டு மறுபடி கற்பியுங்கள்.

கற்பிக்கவே முடியவில்லை

இரண்டு ரிமோட்டுகளையும் மேசையில் படுக்கவைத்து, முனையோடு முனை நேருக்கு நேர் பார்க்கும்படி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்தால் கை ஆடும்போது பாதிக் கட்டளைதான் பதியும். இரண்டிலும் புதுச் செல் இருக்கட்டும். வெயில் படாத, டியூப் லைட் அணைத்த இடமாக இருக்கட்டும். இத்தனைக்கும் பிறகு சில பொத்தான்கள் கற்கவில்லை என்றால், கேமராவில் அந்தப் பொத்தான்களைச் சோதியுங்கள். ஒளி வரவில்லை என்றால் அவை அலையில் பேசுபவை. ஒளி வகை ரிமோட்டால் அவற்றைக் கற்க இயலாது.

ஏசியையும் இதே ரிமோட்டில் சேர்க்க விரும்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏசி ரிமோட்டுகள் பெரும்பாலும் அழுத்திய பொத்தானை மட்டும் அனுப்புவதில்லை. வெப்பநிலை, விசிறி வேகம், முறை எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் முழுவதுமாகச் சேர்த்து அனுப்புகின்றன. அதனால் 24-ல் கற்பித்த பொத்தான் எப்போதும் 24-ஐத்தான் தரும். ஏசிக்குத் தனி ரிமோட் வைத்துக்கொள்வதே நல்லது.

டிவி எரிகிறது, சவுண்ட் பார் அணைகிறது

அப்பத்தா வீட்டில் பார்த்த அதே அறிகுறி இது. பல கருவிகளில் ஏற்றவும் அணைக்கவும் ஒரே பவர் கட்டளைதான். எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் ஏற்றும்படி அமைத்த ரிமோட், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சவுண்ட் பாரை அணைத்துவிட்டு, அணைந்திருந்த டிவியை ஏற்றிவிடும். அந்த நிலையில் மறுபடி அழுத்தினால் எல்லாம் தலைகீழாகும். ஏற்றத் தனி, அணைக்கத் தனி என்று கட்டளை உள்ள கருவிகளில் மட்டுமே இந்த ஒரே பொத்தான் வசதியை நம்பலாம். இல்லாவிட்டால் சவுண்ட் பாரை டிவியின் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் இணைத்து, மேலே சொன்ன சிஇசி வசதியை ஆன் செய்யுங்கள்; டிவி எரிந்தால் அதுவும் எரியும், டிவி ரிமோட்டிலேயே அதன் சத்தமும் கூடும்.

பீரோவுக்குள் இருக்கும் பெட்டி கேட்கவில்லை

கதவைத் திறந்துவைப்பதுதான் முதல் மருந்து. அது முடியாத இடத்தில், நீளமான கம்பியின் முனையில் கண் இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) எக்ஸ்டெண்டரை வாங்கிக் கண்ணை வெளியே ஒட்டிவிடலாம். உங்கள் பெட்டிக்கு அதற்கான துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது, எதை வாங்குவது

மதுரை டவுன் ஹால் ரோட்டிலோ மீனாட்சி பஜாரிலோ கடைக்காரர் முதலில் கேட்பது "மாடல் நம்பர் என்னண்ணே?" என்பதைத்தான். டிவியின் முதுகிலுள்ள ஸ்டிக்கரையும் செட் டாப் பாக்ஸின் அடியிலுள்ள ஸ்டிக்கரையும் கைப்பேசியில் படம் எடுத்து, பழைய ரிமோட் உடைந்திருந்தாலும் அதையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே புது ரிமோட்டின் ஒளியைக் கேமராவில் பார்த்து வாங்குங்கள்.

ஒரே ஒரு டிவி ரிமோட் கெட்டுப்போயிருந்தால் யுனிவர்சல் வேண்டாம். அந்த மாடலுக்கென்றே வரும் மாற்று ரிமோட்டை வாங்குங்கள், கோடு போடும் வேலையே இருக்காது. அகச்சிவப்பு விளக்கு உள்ள கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு, ரெட்மி மாடல்கள் பலவற்றில் இருப்பதுபோல, அதுவே அவசரத்துக்கு நல்ல யுனிவர்சல் ரிமோட். ஆனால் கைப்பேசிக்காரர் வேலைக்குப் போய்விட்டால் ரிமோட்டும் அவரோடு போய்விடும். பழைய லாஜிடெக் ஹார்மனி ரிமோட்டை யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் யோசித்து வாங்குங்கள். 2021-இல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது, அமைப்பதற்கு இன்னமும் நிறுவனத்தின் சேவையையே நம்பியிருக்க வேண்டும்.

செட் டாப் பாக்ஸ் இருக்கும் வீடுகளில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கேபிள், டிடிஎச் ரிமோட்டுகள் பலவற்றில் ஒரு கட்டம் கட்டி, அதற்குள் டிவி என்று எழுதி, பவர், சோர்ஸ், சத்தம் கூட்ட, குறைக்க என்று நான்கைந்து பொத்தான்கள் தனியாக இருக்கும். அவை டிவி ரிமோட்டிடமிருந்து கற்றுக்கொள்வதற்காக வைக்கப்பட்டவை. பெரும்பாலும் செட் அல்லது டிவி என்ற பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடித்து, கற்க வேண்டிய பொத்தானை ஒருமுறை அழுத்தி, பிறகு எதிரே வைத்த டிவி ரிமோட்டின் பொத்தானைத் தட்டினால் விளக்கு சிமிட்டும்; அது பதிந்துவிட்டது என்று பொருள். உங்கள் ரிமோட்டில் முறை சற்று மாறியிருந்தால் கேபிள்காரரிடம் கேளுங்கள், சொல்வார்.

அப்பத்தாவுக்கு நான் கடைசியில் செய்ததும் இதைத்தான். சவுண்ட் பாரை ஏஆர்சியில் இணைத்து, பெட்டியின் ரிமோட்டுக்கு டிவியின் நான்கு பொத்தான்களைக் கற்பித்து, பவர் பொத்தானைச் சுற்றிச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். மற்ற இரண்டு ரிமோட்டுகளையும் செல்லைக் கழற்றி, பெயர் எழுதிய கவரில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். டிவியின் மெனுவுக்குள் போக வேண்டிய நாளிலும், கற்பித்ததை மறுபடி கற்பிக்க வேண்டிய நாளிலும் அவை தேவைப்படும், ஆகவே எறிந்துவிடாதீர்கள்.